பெராரியின் முத்திரைகள்

சென்ற வருடம் எங்கள் அப்பா வபாத்தானார். அப்பா என்று நாங்கள் அழைத்தது உம்மாவின் வாப்பாவை. கொழும்பில் ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் முப்பத்தைந்து வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் விட்டுச் சென்ற வீட்டையும் வளவையும் பங்கிடுவதில் பிரச்சினை எதுவும் எழவில்லை. அதற்கு முறை இருக்கிறது. பெரியவர்கள் அந்த முறைப்படி செய்தார்கள். பிரச்சினை எழுந்தது நீல மட்டை போட்ட ஓர் அல்பத்தால்.

கந்தோருக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் கடித உறைகளை அப்பா வீசவிட மாட்டார். முத்திரை ஒட்டிய மூலையை மட்டும் வெட்டி வீட்டுக்குக் கொண்டு வருவார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பசை கழன்றதும் பழைய பத்திரிகைத் தாளில் காய வைத்து, ஒவ்வொன்றாக அல்பத்தில் சேர்ப்பார். அப்படிச் சேர்ந்த அல்பம் அவர் போன பிறகு அலுமாரியின் மேல்தட்டில் தூசு பிடித்துக் கிடந்தது. இலங்கையின் 1859ஆம் ஆண்டு முத்திரை ஒன்று பெருவிலை போகிறதாம் என்று சின்ன மாமாவின் மகன் எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்ன அன்று, அது கூடத்து மேசைக்கு வந்துவிட்டது. விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம் என்றார் பெரிய மாமா. பக்கங்களைக் கழற்றி ஆளுக்குப் பத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் சாச்சி. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. உம்மும்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டில் அதிகம் வாசிப்பவள் என்று பெயர் எடுத்திருந்ததால், எந்த முத்திரை பெறுமதியானது என்று தேடிப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் நூலகத்தில் தேடினேன். விலை தேடப் போன இடத்தில் ஒரு மனிதரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. உலகின் அரிய முத்திரை எதைப் பற்றி வாசித்தாலும், அது ஒரு காலத்தில் இவரிடம் இருந்தது என்றே எழுதியிருந்தார்கள். அவர்தான் பிலிப் வொன் பெராரி. அவருடைய கதையைத் தேடி வாசித்தபோது எங்கள் வீட்டு மேசைமேல் கிடந்த அல்பத்தை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அதனாலேயே அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

பெராரி பிறந்தது 1850ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி, பரிஸ் நகரில். உலகின் முதலாவது ஒட்டும் தபால் முத்திரையான கறுப்பு பென்னி இங்கிலாந்தில் வெளிவந்து அப்போது பத்து வருடங்கள்கூட நிறையவில்லை. பிரான்ஸ் தன் முதல் முத்திரையை வெளியிட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிற்காலத்தில் அவர் பெரும் பணம் கொடுத்து வாங்கிய முத்திரைகள் சில அவர் குழந்தையாக இருந்த நாட்களில், கடலுக்கு அப்பால், ஒருவரும் மதிக்காத சாதாரணக் கடதாசித் துண்டுகளாக அச்சாகிக்கொண்டிருந்தன. நமது இலங்கையின் முதல் முத்திரையான ஆறு பென்ஸ் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தபோது பெராரிக்கு வயது ஏழு.

அவருடைய பெற்றோர் இத்தாலியின் ஜெனோவா நகரைச் சேர்ந்தவர்கள். தந்தை ரபாயேலே தெ பெராரி, கலியேரா கோமகன் என்ற பட்டம் பெற்றவர். புகையிரதப் பாதைகளிலும் வங்கிகளிலும் முதலிட்டுப் பெரும் பணம் சேர்த்தவர். தாய் மரியா பிரிஞ்ஞோலே சாலே ஜெனோவாவின் பழம்பெரும் குடும்பம் ஒன்றின் மகள். பரிஸில் அவர்கள் குடியிருந்தது மத்தினியோன் மாளிகையில். இன்று பிரான்ஸ் நாட்டுப் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லமாக இருப்பது அதே மாளிகைதான். அப்படியான வீட்டில் வளர்ந்த பையன், பத்து வயதளவில் முத்திரை சேர்க்கத் தொடங்கினான். அந்தக் காலத்தில் அது சிறுவர்களின் விளையாட்டு. வளர்ந்ததும் விட்டுவிடுவார்கள். பெராரி கடைசிவரை விடவில்லை.

1876இல் தந்தை காலமானார். சொத்து முழுவதும் மகனுக்கு வந்து சேர வேண்டிய நேரம். ஆனால் பிலிப் கோமகன் பட்டம் தனக்கு வேண்டாம் என்று மறுத்தார். சொத்திலும் பெரும் பகுதியை ஏற்கவில்லை. பிறகு அவுஸ்திரிய இராணுவ அதிகாரி ஒருவர் அவரைச் சுவீகாரம் எடுத்தார். அவருடைய குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, பிலிப் அவுஸ்திரியப் பிரஜையானார். பிறந்தது பிரான்சில், பெற்றோர் இத்தாலியர், பிரஜாவுரிமை அவுஸ்திரியாவில். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாற்பது வருடங்களுக்குப் பிறகு அதுவே அவருடைய வாழ்நாள் உழைப்பின் தலைவிதியை எழுதியது.

தாயைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கணவர் உயிரோடு இருந்தபோதே, 1874இல், ஜெனோவாவில் தன் குடும்பத்துக்குச் சொந்தமான சிவப்பு மாளிகையை அதிலிருந்த ஓவியங்களோடு சேர்த்து நகர மக்களுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அந்த ஓவியங்கள் பிரிக்கப்படாமல் இன்றும் அங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றன. வைத்தியசாலைகளும் அநாதை இல்லமும் கட்டினார். பரிஸில் அவர் பெயரால் இன்றும் கலியேரா மாளிகை இருக்கிறது. மத்தினியோன் மாளிகையை அவுஸ்திரியப் பேரரசருக்குக் கொடுத்து, அது தூதரகமாகவும் ஆனது. 1888இல் அவர் மறைந்த பிறகும் மகன் அந்த மாளிகையின் ஒரு பகுதியிலேயே வாழ்ந்தார். தாய் கொடுத்துக்கொண்டே இருந்தார். மகன் சேர்த்துக்கொண்டே இருந்தார். வாசிக்கும்போது முதலில் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பெராரி சேர்த்த விதம் நாம் சேர்ப்பது போல அல்ல. 1874இல் பரிஸில் பேர்பெற்ற முத்திரை வியாபாரியான பியேர் மாயே என்பவரைத் தன் சேகரிப்பின் பொறுப்பாளராக அமர்த்தினார். 1913இல் இறக்கும்வரை மாயே அந்தப் பணியில் இருந்தார். ஐரோப்பாவின் பெரிய சேகரிப்பாளர்கள் யாராவது விற்கப்போவதாகக் கேள்விப்பட்டால், ஒன்றிரண்டை அல்ல, முழுச் சேகரிப்பையும் பெராரி வாங்கிவிடுவார். இங்கிலாந்தின் நீதிபதி பில்பிரிக் சேர்த்து வைத்திருந்ததை 1882இல் 8,000 பவுண் கொடுத்து வாங்கினார். பிரயாணங்களின்போதும் வியாபாரிகளின் கடைகளைத் தேடிச் செல்வார். கேட்ட விலையைக் கையோடு கொடுப்பார்.

இது தெரிந்ததும் ஏமாற்றுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? போலி முத்திரைகளைச் செய்து, நிறத்தை மாற்றி, எழுத்தைத் திருத்தி, இதுவரை யாரும் கண்டிராத அபூர்வம் என்று அவரிடம் கொண்டுபோய் விற்றார்கள். அப்படியான போலிகளுக்கு அவருடைய பெயரை வைத்தே பெராரிட்டி என்று ஒரு கேலிப் பெயர் உண்டாயிற்று. அவர் ஒன்றும் அறியாதவர் அல்லர். உண்மையான ஒன்றைத் தவறவிடுவதைவிடப் பத்துப் போலிகளை வாங்கிவிடுவது மேல் என்று எண்ணியவர். வெளிவந்த எல்லா முத்திரைகளும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது ஆசை. அந்த ஆசைக்கு மிக அருகே அவரைப் போல வேறு எவரும் வந்ததில்லை என்று முத்திரை வரலாறு எழுதுவோர் சொல்கிறார்கள்.

அவரிடம் இருந்தவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்றும் பெரிய வியாபாரிகள் கண்டுபிடித்தவை அல்ல. இரண்டைச் சிறுவர்களும் ஒன்றை ஒரு வீட்டுப் பெண்ணும் கண்டெடுத்தார்கள்.

முதலாவது மொரீசியஸ் தீவின் முத்திரை. 1847 செப்டெம்பரில் அந்தச் சிறு தீவு தன் முதல் முத்திரைகளை வெளியிட்டது. ஒரு பென்னிக்கு செம்மஞ்சள், இரண்டு பென்ஸுக்கு நீலம். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு மட்டுமே. தீவில் இருந்த பார்னார்ட் என்ற செதுக்கற் கலைஞர் அவற்றைச் செம்புத் தகட்டில் செதுக்கினார். ஆளுநரின் மனைவி நடத்திய விருந்து நடன நிகழ்ச்சிக்கான அழைப்பு உறைகளிலும் அவை ஒட்டப்பட்டன. முத்திரையின் ஓரத்தில் தபாற்கந்தோர் என்ற பொருளில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. அடுத்து வந்தவற்றில் கட்டணம் செலுத்தப்பட்டது என்ற பொருளில் வேறு எழுத்துகள் வந்தன. அதனால் முதலாவது பார்னார்ட்டின் ஞாபக மறதி என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். அது பிழையே அல்ல, சொன்னபடிதான் செதுக்கினார் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் கதை முத்திரையைவிட நீண்ட ஆயுள் கொண்டது, இன்றும் சொல்லப்படுகிறது. பிரான்சின் போர்தோ நகரில் வணிகர் ஒருவரின் மனைவியான போர்ஷார் என்ற பெண்மணி, 1860களில் கணவரின் பழைய வியாபாரக் கடிதங்களைப் புரட்டியபோதுதான் இவை உலகின் கண்ணில் பட்டன. இன்று இரண்டு வகையிலுமாகச் சுமார் 27 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பாவிக்கப்படாத ஒரு பென்னியும் இரண்டு பென்ஸும் பெராரியிடம் இருந்தன.

இரண்டாவது சுவீடனின் மஞ்சள் முத்திரை. 1855இல் அங்கே மூன்று ஸ்கில்லிங் முத்திரை பச்சை நிறத்திலும் எட்டு ஸ்கில்லிங் முத்திரை மஞ்சள் நிறத்திலும் அச்சிடப்பட்டன. எப்படியோ ஒரு மூன்று ஸ்கில்லிங் மஞ்சளில் அச்சாகிவிட்டது. தபாற்கந்தோரில் யாரும் கவனிக்கவில்லை. கடிதத்தில் ஒட்டினார்கள், மை அடையாளம் குத்தினார்கள், அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடங்களுக்குப் பிறகு, பாக்மன் என்ற பதினான்கு வயதுப் பையன் தன் பாட்டியின் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கடிதங்களிலிருந்து அதை எடுத்தான். ஸ்டொக்ஹோம் வியாபாரி ஒருவர் அதற்கு ஏழு குரோனர் கொடுத்தார். 1894இல் வியன்னா வியாபாரி ஒருவரிடமிருந்து 4,000 கில்டர் கொடுத்து பெராரி அதை வாங்கினார். அதைப் போல் இன்னொன்று இன்றுவரை அகப்படவில்லை.

மூன்றாவதுதான் யாவற்றிலும் பேர்பெற்றது. தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்த பிரித்தானிய கயானாவுக்கு முத்திரைகள் இலண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். 1856இல் அவை வந்து சேரத் தாமதமாயிற்று. அவசரத்துக்கு உள்ளூரில் அச்சடிக்கும்படி தபால் அதிபர், ஜோர்ஜ்டவுனில் பத்திரிகை அச்சிட்டு வந்தவர்களைக் கேட்டார். அவர்கள் சிவந்த ஊதாக் கடதாசியில் கறுப்பு மையால் ஒரு சிறு கப்பல் படத்தோடு முத்திரை அடித்துக் கொடுத்தார்கள். அச்சு நேர்த்தியாக இல்லை. எவரும் போலி செய்துவிடக் கூடாது என்பதற்காகத் தபால் ஊழியர்கள் ஒவ்வொன்றிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கையால் எழுதினார்கள். கடிதங்களுக்கு நான்கு சதம், பத்திரிகைகளுக்கு ஒரு சதம். பத்திரிகை உறையை யார் வைத்திருப்பார்கள்? கிழித்து எறிந்துவிடுவார்கள். ஒரு சத முத்திரைகள் அப்படியே அழிந்தன.

ஒன்று மட்டும் தப்பியது. 1873இல் வேர்ணன் வோன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் தன் மாமாவின் பழைய கடிதக் கட்டில் அதைக் கண்டான். நான்கு மூலைகளும் வெட்டப்பட்டு எட்டு மூலையாக இருந்தது. மங்கலாக, அழுக்காக இருந்தது. அவனுடைய அல்பத்தில் இருந்த மற்ற முத்திரைகள் இதைவிட அழகானவை. இன்னும் அழகான வெளிநாட்டு முத்திரைகள் வாங்கலாம் என்று ஊரில் இருந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் ஆறு சில்லிங்குக்குக் கொடுத்துவிட்டான். அது இங்கிலாந்துக்குப் போய், லிவர்பூல் வியாபாரி ஒருவரிடம் சேர்ந்து, 1878இல் சுமார் 150 பவுணுக்கு பெராரியின் கைக்கு வந்தது. அதற்குப் பின் முப்பத்தொன்பது வருடங்கள் அவரைவிட்டு அகலவில்லை.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி அப்பாவின் அல்பத்தைத் திறந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எட்டு மூலை என்றதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏனென்றால் சின்ன மாமாவின் மகன் சொன்ன இலங்கை முத்திரையும் எட்டு மூலைச் சட்டத்துக்குள் விக்டோரியா மகாராணியின் தலை அமைந்த ஒன்று. 1859இல் வெளிவந்த, ஓரத்தில் துளைகள் இல்லாத, மங்கிய ரோசா நிற நாலு பென்ஸ் முத்திரை. இலங்கை முத்திரைகளில் மிகுந்த விலை பெறுவது அதுதான். அல்பத்தில் இலங்கைக்கான பக்கங்களை மூன்று முறை புரட்டினேன். அப்படி ஒன்று அதில் இல்லை. அப்பாவின் இலங்கைப் பக்கங்கள் பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பின் வந்தவை. தேயிலை பறிக்கும் பெண்ணும் சிகிரியாவும் பறவைகளும்தான் இருந்தன.

இத்தனையையும் சேர்த்து வைத்த பெராரியின் செல்வத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்? மிகச் சிலரே. மாளிகையின் அறைகளில் அது மாயேயின் பொறுப்பில் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு முத்திரையை, அதை வைத்திருந்தவரும் அவருடைய சில நண்பர்களும் மட்டுமே கண்டார்கள். அவர் தனியாக வாழ்ந்தார். பெருமைக்காகச் சேர்த்திருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பார். பணத்துக்காகச் சேர்த்திருந்தால் விற்றிருப்பார். அவர் இரண்டையும் செய்யவில்லை. பிறகு ஏன் சேர்த்தார் என்ற கேள்விக்கு, அவருடைய மரணசாசனத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது.

1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. பிரான்சும் அவுஸ்திரியாவும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. அறுபது வயதைத் தாண்டிய பெராரி, பிறந்த நகரத்திலேயே பகைநாட்டுப் பிரஜையானார். பரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. சேகரிப்போ பரிஸிலேயே தங்கிவிட்டது. அந்த நிலையில் 1915 ஜனவரியில் அவர் மரணசாசனம் எழுதினார். தான் சேர்த்த முத்திரைகள் யாவும் பேர்ளின் நகரின் தபால் அருங்காட்சியகத்துக்குச் சேர வேண்டும், அங்கே பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும், அவற்றைப் பராமரிக்கத் தன் பணத்திலிருந்து ஒரு தொகையும் கொடுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அருங்காட்சியகம் 1872இல் தொடங்கப்பட்டது. தபாலுக்கென்றே உலகில் முதன்முதல் ஏற்பட்டது. அதனால் அவர் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. தாய் ஓவியங்களை மாளிகையோடு ஜெனோவா மக்களுக்குக் கொடுத்தது போலவே, மகனும் முத்திரைகளை முழுதாக மக்களுக்குக் கொடுக்க நினைத்தார். தாய் கொடுத்தார், மகன் சேர்த்தார் என்று நான் எண்ணியது பிழை. மகனும் கொடுப்பதற்காகவே சேர்த்திருக்கிறார். தாய் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டார். மகன் காலம் தாழ்த்திவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

1917 மே 20ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெராரி காலமானார். அவுஸ்திரியாவில் அடக்கம் செய்யப்பட்டார். தன் முத்திரைகளை மீண்டும் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்தது. பரிஸில் இருந்த சேகரிப்பைப் பகைநாட்டவரின் சொத்து என்று பிரெஞ்சு அரசாங்கம் பறிமுதல் செய்தது. பேர்ளினுக்கு அனுப்பப்பட வேண்டிய அன்பளிப்பு, ஜேர்மனி செலுத்த வேண்டிய யுத்த நட்டஈட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படும் பொருளாயிற்று. பரிஸின் ட்ரூவோ ஏல மண்டபத்தில் 1921 முதல் 1926 வரை பதினான்கு ஏலங்கள் நடந்தன. ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தது ஐந்து வருடங்களில் கலைந்தது. கிடைத்த தொகை ஏறக்குறைய மூன்று கோடி பிராங். உலகின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்தவை, உலகின் எல்லாப் பக்கங்களுக்கும் திரும்பிப் போயின.

ஒரு சத முத்திரையை 1922இல் வாங்கியவர் அமெரிக்காவில் ஆலை நடத்திய ஆர்தர் ஹைண்ட் என்ற செல்வந்தர். முப்பதாயிரம் டொலருக்கு மேல் கொடுத்தார். இவரைப் பற்றி நிரூபிக்கப்படாத கதை ஒன்று உண்டு. அதே போன்ற இரண்டாவது முத்திரையுடன் ஒருவர் அவரைத் தேடி வந்தாராம். ஹைண்ட் அதையும் விலை கொடுத்து வாங்கி, அங்கேயே எரித்துவிட்டாராம், தன்னிடம் உள்ளதே உலகில் ஒன்றேயொன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. கதை உண்மையோ பொய்யோ, பெராரிக்கும் அவருக்குப் பின் வந்த காலத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அது சொல்லிவிடுகிறது. பெராரி இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அந்த முத்திரை பல கைகள் மாறியது. 1980இல் அதை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஒருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று, சிறையிலேயே இறந்தார். அந்த வருடங்களில் முத்திரை பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தது. 2014இல் அது 94 இலட்சம் டொலருக்கு மேல் விலை போனது. 2015 முதல் இரண்டு வருடங்களுக்கு மேலாக வொஷிங்டன் தபால் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. பெராரி கேட்டதில் ஒரு துளி, நூறு வருடங்கள் கழித்து, வேறு ஒரு நாட்டில் நிறைவேறியது. 2021இல் மீண்டும் விற்கப்பட்டது. இம்முறை வாங்கிய இலண்டன் நிறுவனம் அதைச் சிறு சிறு பங்குகளாக்கிப் பலருக்கும் விற்பனைக்கு விட்டது. விரல் நுனி அளவான கடதாசித் துண்டு ஒன்றுக்குக்கூடப் பங்கு போடலாம் என்று அப்போதுதான் அறிந்துகொண்டேன்.

இனி எங்கள் வீட்டுக் கதையையும் முடித்துவிட வேண்டும்.

நான் தேடியதையெல்லாம் சொன்ன பிறகும், தெரிந்த ஒருவரிடம் காட்டி விலை கேட்பதென்று முடிவாயிற்று. பெரிய மாமா அல்பத்தைக் கொண்டு போனார். அன்று பின்னேரமே திரும்பி வந்தார். எல்லாம் சாதாரண முத்திரைகள். பெட்டியோடு விற்றாலும் ஆளுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவுதான் தேறும் என்பது வந்த பதில். அதோடு சச்சரவு முடிந்தது. விற்க வேண்டும் என்றவரும் பிரிக்க வேண்டும் என்றவரும் அதைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெராரியின் சேகரிப்பு கலைந்தது அதற்கு விலை இருந்ததால். அப்பாவின் அல்பம் பிழைத்தது அதற்கு விலை இல்லாததால். இதை நினைத்து நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று.

அல்பம் என்னிடம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மும்மாவை அருகில் இருத்தி, பக்கம் பக்கமாகக் கேட்டேன். எந்த முத்திரை எந்த நாட்டுக்கு உரியது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த முத்திரை எந்தக் கடிதத்தில் வந்தது என்பது தெரிந்திருந்தது. இது சாச்சி பிறந்த வருடம் வந்தது. இது உங்கள் அப்பாவின் கூட்டாளி லண்டனிலிருந்து போட்டது. இப்படியே சொல்லிக்கொண்டு வந்தவர், முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒரு சவூதி முத்திரையில் விரலை வைத்தார். அதில் மையடையாளம் பாதி அழிந்திருந்தது. மூலை கிழிந்திருந்தது. பெரிய மாமா இருபது வயதில் றியாத்துக்கு வேலைக்குப் போய், ஒன்றரை மாதம் தகவல் எதுவும் இல்லாமல் இருந்து, முதன்முதலாகப் போட்ட கடிதத்தின் முத்திரை அது. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாட்கணக்காகத் திரிந்தாராம். மூலை கிழிந்தது அதனால்தான். அல்பத்தின் முதலாம் பக்கத்தில் இலங்கை முத்திரை இல்லாமல் அது ஏன் இருந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் வந்திருந்தபோது அந்தப் பக்கத்தைத் திறந்து பெரிய மாமாவிடம் காட்டினேன். உம்மும்மா சொன்னதைக் கீழே பென்சிலால் எழுதியிருந்தேன். மாமா வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பிறகு அல்பத்தை மூடாமல், மேசையில் விரித்தபடியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். சிறிது நேரத்தில் சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

பெராரியிடம் உலகத்து முத்திரைகள் யாவும் இருந்தன. அவற்றை விரித்து வைக்க ஒரு மேசையும், சுற்றி நின்று பார்க்கச் சனமும் வேண்டும் என்றுதான் அவர் கடைசியில் ஆசைப்பட்டார். அவருக்குக் கிடைக்காதது எங்களுக்கு இலகுவாகக் கிடைத்திருக்கிறது. இன்னும் நாற்பத்திரண்டு பக்கங்கள் இருக்கின்றன. உம்மும்மாவுக்கு எண்பத்தொரு வயது. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் நாங்கள் இரண்டு பக்கங்கள் எழுதுகிறோம்.